ஒரு கட்டு, ஒரு சுற்று, ஒரு முக்கு

ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். தமிழுக்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது. அதனால்தான் பிரிண்ட், பேக், புக், கேன்சல் என்று எந்தச் சொல் வந்தாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்க்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு விளக்கம் வெகுகாலமாகச் சுற்றி வருகிறது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் அது வியப்பாகச் சொல்லப்படுகிறது, மொழி பற்றிய விவாதங்களில் தமிழின் குறையாகச் சொல்லப்படுகிறது. கேட்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களின் அன்றாடப் பேச்சே இதற்கு எதிர்ச்சாட்சி. அங்கே வெடியை வெடிக்கிறார்கள், கட்டைக் கட்டுகிறார்கள், அடுக்கை அடுக்குகிறார்கள். நூலைத் திரித்தால் திரி, சணலைச் சுற்றினால் சுற்று. வேர் ஒன்றேதான், பொருளுக்கும் அதுவே பெயர், செயலுக்கும் அதுவே சொல். அப்படியானால் தமிழில் இல்லை என்று சொல்லப்படுவது எது? ‘பண்ணு’ எதற்காக வருகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனபோது, விடை நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

ஆங்கிலத்துக்கு இந்த வசதி எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அன்புக்குப் பெயர் ‘லுஃபு’, அன்பு செய்வதற்கு வினை ‘லுஃபியன்’. விடைக்கு ‘அண்ட்ஸ்வரு’, விடை சொல்வதற்கு ‘அண்ட்ஸ்வரியன்’. பெயருக்கு ஓர் ஈறு, வினைக்கு ஓர் ஈறு என்று இரண்டும் பிரிந்தே இருந்தன. 1066இல் நார்மானியர் வந்ததற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. லவ், ஆன்சர் என்று நடுத்தண்டு மட்டும் மிஞ்சியது. ஈறு போன பிறகு ஒரு சொல் பெயரா வினையா என்று காட்டுகிற வேலையை வாக்கியத்தில் அது நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. இடம் மாற்றி வைத்தால் வகை மாறும் என்று ஆனதும், புதிதாக வருகிற எந்தப் பெயரையும் வினையின் இடத்தில் வைக்கலாம் என்றாயிற்று. ஆக, ஆங்கிலத்தின் நெகிழ்ச்சி ஓர் இழப்பின் விளைவு. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. இழந்ததைக் கொண்டு அந்த மொழி பெரிய வசதியைக் கட்டிக்கொண்டது.

தமிழில் ஈறுகள் உதிரவில்லை. ‘வெடியை’ என்றால் வேற்றுமை உருபு அது பெயர் என்று காட்டிவிடுகிறது. ‘வெடித்தது’ என்றால் காலம் காட்டும் இடைநிலை அது வினை என்று காட்டிவிடுகிறது. வினை என்பது வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் வகுத்த இலக்கணம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்த ஒட்டுகள் சேர்வதற்கு முன்னால் நிற்கிற வேர் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்க முடியும். நன்னூலின் பதவியலில் பவணந்தி முனிவர் வினைப்பகுதிகளுக்கு மாதிரியாக 23 சொற்களைத் தருகிறார். விகுதி எதுவும் இல்லாமல் ஏவலாக நிற்கும் வேர்கள் அவை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட வேர்களில் மிகப் பெரிய தொகுதி வினையாகவும் பெயராகவும் பயன்படக்கூடிய வேர்களே என்று வகைப்படுத்தினார். அன்றைக்குச் சிவகாசியும் சாத்தூரும் அவர் வாழ்ந்த அதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே தமிழுக்கு இது கிடையாது என்ற கூற்று, விகுதி சேராத வேரே தொழிலுக்குப் பெயராக நிற்பதைச் சொல்லும், நம் பள்ளி இலக்கணத்தின் ‘முதனிலைத் தொழிற்பெயர்’ என்ற ஒரு பாடத்தை நினைவுபடுத்தினாலே விழுந்துவிடும்.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் பெயர் முந்தியதா, வினை முந்தியதா என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத் தீர்த்தால்தான் இந்த இரட்டை வாழ்வு எப்படித் தொடங்கியது என்று தெரியும் என்று நினைத்தேன். இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் இணைப்புத் தொகுதியாகவும் வந்த பேரகராதி. அது ஒவ்வொரு வினைக்கும் ஒரு வகை எண் தருகிறது. கட்டுதலுக்கு 5, திரிதலுக்கு 4, வெடித்தலுக்கு 11. அதே வடிவில் உள்ள பெயரைத் தனிச்சொல்லாகப் பதிவுசெய்து, பெரும்பாலும் அது வினையிலிருந்து வந்தது என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறது. கட்டு, அடி, சுற்று போன்றவற்றுக்கு அந்த அம்பு இயல்பாகவே இருக்கிறது. கட்டாமல் கட்டு ஏது? ஆனால் விதை, கிளை, தளிர், காய், கனி, புகை போன்ற சொற்களிடம் வரும்போது அம்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? விதைத்ததால் விதையா, விதை இருந்ததால் விதைத்தார்களா? எந்த அகராதியைக் கேட்டாலும் ஒரு பக்கத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இந்த முட்டுச்சந்தில் நான் அதிகம் நின்றது ‘வெடி’ என்ற சொல்லிடம். பட்டாசு வட்டாரத்தின் சொல் என்றால் அதுதானே. ஆனால் வெடிமருந்து வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வெடித்துக்கொண்டிருந்தவை வேறு. கரிசல் மண்ணில் உள்ள களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; கோடையில் கரிசல் நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதே கரிசலில் விளைகிற பருத்தி, காய் முற்றியதும் வெடிக்கும். ‘பருத்தி வெடிச்சிருச்சு’ என்றால் பறிப்புக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று பொருள். இலவங்காய் வெடிக்கும். இந்த வெடிப்புகளில் எதையும் மனிதன் செய்வதில்லை. நிலம் தானே வெடிக்கிறது, காய் தானே வெடிக்கிறது. ஆனால் பட்டாசிடம் வந்ததும் இந்த வினை ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்கிறது. ‘வெடி வெடித்தது’ என்கிறோம்; ‘பிள்ளைகள் வெடி வெடித்தார்கள்’ என்றும் சொல்கிறோம். இது தமிழில் அரிது. தானே நடப்பதையும் ஒருவர் செய்வதையும் நம் மொழி கண்டிப்பாகப் பிரித்துவிடும். எரிந்தது, எரித்தான்; உடைந்தது, உடைத்தான்; புகைந்தது, புகைத்தான்; சுருண்டது, சுருட்டினான். ‘வெடிந்தது, வெடித்தான்’ என்று யாரும் பிரிப்பதில்லை.

ஏன் இந்த விலக்கு? எனக்குப் படுகிற முறை இது. முதலில் தானாக நடக்கிற வெடித்தல் இருந்தது. மருந்தும் துப்பாக்கியும் வந்தபோது, வெடிக்கிற ஒரு பொருளுக்கு வெடி என்று பெயரானது. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கையின் பல வகைகளைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தை ஒட்டி இத்தகைய பொருள்களுக்குத் தென்னாட்டு மொழிகளில் பெயர்கள் தேவைப்பட்டிருக்கும். பொருளுக்குப் பெயர் வந்த பிறகு, பாட்டுப் பாடினான், ஆட்டம் ஆடினான் என்பதுபோல, வெடி வெடித்தான் என்று அந்தப் பெயர் தன் வினைக்குச் செயப்படுபொருளானது. வினை பெயரைப் பெற்றது, பெயர் திரும்பவும் வினைக்கு ஒரு புதுப்பொருளைக் கொடுத்தது. ஆங்கிலத்தில் நெருப்பைக் குறித்த ‘ஃபயர்’ என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி சுடுவதற்கு வினையானதும் இதே வகை. இது உண்மையானால், அகராதியின் அம்பு எந்தப் பக்கம் என்ற கேள்வியே தவறு. இரண்டு பக்கமும் போக்குவரத்து நடந்துகொண்டே இருந்திருக்கிறது. எது முந்தியது என்பதை விட்டுவிட்டு, வேர் எப்போது வெறுமையாகப் பெயராக நிற்கிறது, எப்போது விகுதி கேட்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்று அங்கே தேடலைத் திருப்பினேன்.

திருப்பியதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பள்ளி இலக்கணம் முதனிலைத் தொழிற்பெயருக்குத் தட்டு, உரை, அடி ஆகியவற்றைக் காட்டி, இவை தட்டுதல், உரைத்தல், அடித்தல் என்று பொருள்படும் என்கிறது. ஆனால் அவை ஒன்றல்ல. ‘ரெண்டு அடி வாங்கினான்’ என்று சொல்லலாம்; ‘ரெண்டு அடித்தல் வாங்கினான்’ என்று சொல்ல முடியாது. ‘மூன்று சுற்று’ உண்டு, ‘மூன்று சுற்றுதல்’ இல்லை. ‘ஒரு கட்டு’ உண்டு, ‘ஒரு கட்டுதல்’ இல்லை. விகுதி பெற்ற வடிவம், ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைச் சொல்கிறது. அதற்கு எண்ணிக்கை கிடையாது. விகுதி பெறாத வேர், அந்தத் தொழிலின் ஒரு தடவையையோ அந்தத் தொழில் கையில் விட்டுப்போன பொருளையோ சொல்கிறது, அதை எண்ணலாம். இதுவே என் வாதத்தின் மையம்: தமிழ் வேர் பெயராக வெறுமையாக நிற்பது பெரும்பாலும், வினையை எண்ணத்தக்க ஒன்றாக்க வேண்டிய இடத்தில். முன்னால் ‘ஒரு’ போட்டுப் பார்ப்பதே அதற்குச் சோதனை.

தீப்பெட்டி வேலையை அருகிலிருந்து பார்த்தால் இது ஏன் அந்த வட்டாரத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது புரியும். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிறார்கள். அடுக்கிய சட்டத்தை உருகிய மெழுகில் முக்குகிறார்கள், பிறகு மருந்தில் முக்குகிறார்கள். காயவைத்து, பெட்டியில் அடைத்து, பக்கவாட்டில் உரசு மருந்து பூசி, லேபிள் ஒட்டிக் கட்டுகிறார்கள். இதில் ஒவ்வொரு செயலுக்கும் அளவு உண்டு. ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் தலை கனத்து வீணாகும், குறைந்தால் பற்றாது. பட்டாசிலும் அப்படியே. சணல் நூல் சுற்றிய அணுகுண்டில், சுற்று இறுக இறுக உள்ளே அழுத்தம் கூடி ஓசை பெருகும். எத்தனை சுற்று என்பது அங்கே கைப்பக்குவம். கூலியும் செய்த எண்ணிக்கைக்குத்தான். குரோஸ் என்றால் 144, பண்டல் என்றால் 600 பெட்டி என்று எண்ணிக்கைதான் அந்தத் தொழிலின் மொழி. செய்ததை எண்ணிக் கூலி வாங்குகிற இடத்தில், செயல் எண்ணத்தக்க சொல்லாக இருந்தே தீர வேண்டும். முக்கு, சுற்று, கட்டு, அடுக்கு, ஒட்டு ஆகியவை அந்தத் தேவையை நிறைவேற்றுகின்றன. எண்ணிக்கை தேவைப்படாமல் தொழிலின் பெயர் மட்டும் வேண்டிய இடத்தில் அதே வாய்கள் தயங்காமல் விகுதிக்குப் போகின்றன: சரவெடி பின்னல், மருந்துக் கலவை, பெட்டி ஒட்டுதல்.

இதே சோதனையை ஆங்கிலச் சொற்களிடம் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குச் சிவகாசியின் அச்சகங்களைவிட நல்ல இடமில்லை. அங்கே புழங்கும் சொற்கள் இரண்டாகப் பிரிகின்றன. வேலையின் பெயராக வருபவை பிரிண்டிங், கட்டிங், பஞ்சிங், ஃபோல்டிங், பைண்டிங், பேக்கிங். கையில் எடுத்து எண்ணக்கூடியவை பிரிண்ட், பேக், ரோல், செட். ‘வேலை பைண்டிங்கில் நிற்குது’ என்பார்கள், ‘பைண்டில் நிற்குது’ என்று சொல்வதில்லை. ‘நாலு பிரிண்ட் எடு’ என்பார்கள், ‘நாலு பிரிண்டிங் எடு’ என்று சொல்வதில்லை. ஆங்கிலமும் இப்படித்தான் பிரிக்கிறது: ஒரு தடவை உதைத்தால் ‘எ கிக்’, உதைத்துக்கொண்டிருப்பது ‘கிக்கிங்’. வெறும் வேர் எண்ணுவதற்கு, ஈறு சேர்ந்த வடிவம் நீளும் தொழிலுக்கு. ஆங்கில இலக்கணம் படிக்காதவர்களும் இதைச் சரியாகப் பிரித்துக் கையாள முடிகிறதென்றால், அதற்குக் காரணம் கட்டு, கட்டுதல் என்ற பிரிவு அவர்களுடைய தாய்மொழியிலேயே இருப்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு மூன்று மறுப்புகள் உண்டு. புகை, ஒலி, மின் போன்றவை எண்ணக்கூடியவை அல்லவே, அவையும் வெறும் வேராக நிற்கின்றனவே என்பது முதல் மறுப்பு. சரிதான். ஆனால் புகை என்பது புகைதல் அல்ல. புகைந்ததில் எழுந்த பொருள். ஒலி என்பது ஒலித்ததில் காதுக்குக் கிடைத்தது. எண்ண முடியாவிட்டாலும் அவை தொழிலின் விளைபொருளே, தொழிலின் ஓட்டம் அல்ல. இரண்டாவது மறுப்பு கடினமானது: கெடு என்பது கேடு, படு என்பது பாடு, சுடு என்பது சூடு என்று நீள்கிறது, எழுது என்பது எழுத்து, பாடு என்பது பாட்டு என்று இரட்டிக்கிறது, எல்லா வேரும் வெறுமையாக நிற்பதில்லையே? உண்மை. ‘ஒரு நட நடந்தான்’ என்று சொல்ல முடியாது, ‘ஒரு நடை’ என்று வடிவம் மாற வேண்டும். ஆகவே நான் சொல்வது விதிவிலக்கில்லாத விதி அல்ல, வலுவான ஒரு போக்கு. கைவேலைச் சொற்களில் அது மிக வலுவாக இருக்கிறது. ஆனால் வடிவம் மாறிய இடத்திலும் ஒரு பாட்டு, ஒரு எழுத்து, ஒரு நடை என்று எண்ணிக்கை கூடவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, இவையெல்லாம் பழங்காலத்தில் உறைந்துபோன சொற்கள், இன்று புதிதாக எதுவும் உருவாவதில்லை என்பது. இதை நான் ஏற்கவில்லை. ஒரு அமுக்கு அமுக்கு, ஒரு தள்ளு தள்ளு, ஒரு கலக்கு கலக்கு, ஒரு விரட்டு விரட்டினான், ஒரு உலுக்கு உலுக்கினான் என்று நம் பேச்சு நாள்தோறும் வினைவேர்களைப் பெயராக்கிக்கொண்டேயிருக்கிறது. இவற்றில் பலவற்றை எழுத்துத் தமிழில் தனிப்பெயராகக் காண்பது அரிது. பேச்சில் ‘ஒரு’ முன்னால் வந்தவுடன் அவை தடையின்றிப் பெயராகின்றன. வினையைப் பெயராக்கும் வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது. அடைபட்டிருப்பது மறுபக்க வாசல்: பெயரை வினையாக்குவது. ஆங்கிலத்துக்கும் நமக்கும் உள்ள மெய்யான வேறுபாடு அந்த ஒரு வாசலில்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பெயர் தமிழில் வினையாக வேண்டுமானால், அது ஏதாவதொரு வினைவகையில் சேர்ந்து காலம் காட்டப் பழக வேண்டும். ஈறு உதிர்ந்த ஆங்கிலத்துக்கு அந்தச் சுமை பெரும்பாலும் இல்லை.

அந்த வாசலும் எப்போதும் அடைபட்டிருக்கவில்லை. வடமொழியிலிருந்து வந்த சிந்தனை, யோசனை, ஜெபம் ஆகியவற்றுக்குச் சிந்தி, யோசி, ஜெபி என்று வினை அமைந்தது. அரபியிலிருந்து வந்த வசூல், வசூலி ஆனது. ‘வரி வசூலித்தார்கள்’ என்று செய்தித்தாள் எழுதும்போது அது அயற்சொல் என்ற நினைப்பே வருவதில்லை. ஈழத் தமிழர் கதை என்ற பெயரையே வினையாக்கிக் கதைக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் நாம் ஏன் இதைச் செய்யவில்லை? சிந்தி, வசூலி என்ற வினைகளில் வந்த சொல் தமிழ் வடிவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. ஆர்டர், லேபிள், சப்ளை போன்றவற்றை நாட்டின் எல்லா மூலைகளிலும் உள்ள வியாபாரிகளோடு தினமும் பேசுகிறவர்களுக்கு, சொல் உருமாறாமல் அப்படியே இருப்பதுதான் வசதி. ‘பண்ணு’ அந்த வசதியைத் தருகிறது. அதுவும் நேற்று வந்ததல்ல. வைணவ உரையாசிரியர்களின், வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையில் அனுபவம் பண்ணி, மங்களாசாசனம் பண்ணி என்ற தொடர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அச்சிடு, முத்தமிடு, துணிவுறு என்ற பழைய கூட்டுவினைகளும் இதே குடும்பம்தான்.

‘பண்ணு’ தமிழின் குறைக்கு அடையாளம் என்ற கூற்றை உடைக்கிற இன்னொரு சான்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயராகவே வராத மெயின்டெயின், அப்ரூவ் போன்ற வினைச்சொற்களுக்கும் நாம் பண்ணு சேர்க்கிறோம். ரெடி போன்ற பெயரடைகளுக்கும் சேர்க்கிறோம். வரும் சொல் ஆங்கிலத்தில் எந்த வகையாக இருந்தது என்று தமிழ் கேட்பதே இல்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் பெயராக ஏற்றுக்கொண்டு, வினை வேலையைத் தன் சொந்த வினையிடம் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுப்பதால் ஒரு நன்மையும் கிடைக்கிறது. ஆங்கிலத்தின் ஒரே ‘பிரிண்ட்’, நம் பேச்சில் பிரிண்ட் பண்ணு, பிரிண்ட் ஆகுது, பிரிண்ட் எடு, பிரிண்ட் போடு, பிரிண்ட் விழுந்திருக்கு என்று விரிகிறது. செய்பவர் இருக்கிறாரா, தானாக நடக்கிறதா, ஒரு நகல் வேண்டுமா, ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டுமா, தாளில் மை சரியாகப் பதிந்ததா என்பதையெல்லாம் தமிழ் வினை தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. இதோடு காலண்டர் அடிக்கிறது, நோட்டீஸ் அடிக்கிறது என்று ‘அடி’ என்ற நம் சொந்த வேரும் அதே வேலைக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தத் தேடலின் முடிவாக நான் வலியுறுத்துவது இரண்டு. ஆங்கிலம் கற்பிப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம், ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பதைப் புதுமையாகக் காட்ட வேண்டியதில்லை. ஒரு கட்டு, கட்டுதல் என்ற வேறுபாட்டிலிருந்து தொடங்கினால் ‘எ பிரிண்ட்’, ‘பிரிண்டிங்’ என்ற வேறுபாடு பாதி வேலையில் விளங்கிவிடும். தமிழ் அகராதி செய்பவர்கள், தொழில்களில் வழங்கும் ஒவ்வொரு வினைவேருக்கும் முன்னால் ‘ஒரு’ வைத்துக் கேட்டு, அது எண்ணத்தக்க பெயராகிறதா என்று பதிவுசெய்ய வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்தின் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்துக் காட்டினார். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களின் கைவேலைச் சொற்களுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். குச்சி அடுக்குவதையும் மருந்தில் முக்குவதையும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு தடவையையும் கையால் எண்ணிச் செய்தவர்கள் வைத்திருந்த சொற்கள்தான் முதலில் வழக்கொழியும். அவற்றைக் கேட்டு எழுத வேண்டிய நேரம், அவற்றைப் பேசுகிறவர்கள் வேலையில் இருக்கும் இந்த நேரம்தான்.